விளக்கொளியும் வண்ணத் தெரிவும்: இசைக்கலைஞரைத் தீட்டிய ஓவிய மரபு, தஞ்சாவூர் முதல் ரண்டர்ஸ் வரை

ஓர் ஓவியத்தின் நிறங்கள் ஏன் அவ்வாறு அமைந்தன என்னும் வினாவுக்குத் தமிழக ஓவிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் மூன்று விடைகளைத் தருகின்றன. ஓவியருக்குக் கிடைத்த நிறமிகள் அவை என்பது ஒன்று. அக்காலப் பாணி அது என்பது இன்னொன்று. புரவலரின் விருப்பம் என்பது மற்றொன்று. இம்மூன்றும் பிழையல்ல. ஆயினும் ஓவியர் எந்த வெளிச்சத்தில் தம் பொருளைக் கண்டார், எந்த வெளிச்சத்தில் தீட்டினார், பார்ப்பவர் எந்த வெளிச்சத்தில் காண்பார் என எதிர்பார்த்தார் என்னும் கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. மலையையோ மாளிகையையோ தீட்டிய ஓவியத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றாமல் போகலாம். பாடிக்கொண்டும் வாசித்துக்கொண்டும் இருக்கும் கலைஞரைத் தீட்டிய ஓவியத்திலோ இது நடுநாயகமான குறை. கோயில் வீதியுலா, திருமண ஊர்வலம், மாலைக் கச்சேரி என நம் இசையின் சிறந்த பொழுதுகள் பல கதிரவன் மறைந்த பின்னரே அமைந்தன. அவ்விசைஞரைக் கண்டவர் எல்லோரும் ஏதோ ஒரு விளக்கின் ஒளியில்தான் கண்டனர்.

டென்மார்க்கின் யூலாந்துத் தீபகற்பத்தில், கூடெனோ ஆற்றங்கரையில் அமைந்த ரண்டர்ஸ் நகரையும் தஞ்சாவூரையும் ஒப்பிட்டால் ஒளி என்னும் காரணியின் அளவு புலப்படும். ரண்டர்ஸ் வடஅகலக்கோடு 56½ பாகையை ஒட்டியது. தஞ்சாவூர் 11 பாகைக்குச் சற்றுக் குறைவு. சூன் மாத நடுப்பகலில் ரண்டர்ஸில் கதிரவன் ஏறக்கூடிய மிக உயர்ந்த நிலை தொடுவானிலிருந்து ஏறத்தாழ 57 பாகை. தஞ்சாவூரில் திசம்பர் நடுப்பகலில் கதிரவன் நிற்கும் மிகத் தாழ்ந்த நிலையும் ஏறத்தாழ 56 பாகைதான். வடக்கின் உச்சம் தெற்கின் தாழ்வோடு வந்து நிற்கிறது. ரண்டர்ஸின் திசம்பர் நடுப்பகலில் அதே கதிரவன் 10 பாகைக்கு மேல் எழுவதில்லை. பகற்பொழுதும் ஏறத்தாழ 7 மணி நேரமே. கோடையிலோ நள்ளிரவிலும் வானம் முற்றிருள் அடைவதில்லை. நீலம் கலந்த அந்தி வெளிச்சம் விடியும்வரை தங்கிவிடுகிறது. யூலாந்தின் வடமுனையான ஸ்காகனில் வாழ்ந்த பி. எஸ். குறோயர் முதலிய ஓவியர் இந்த நீலப் பொழுதையே தம் பெருஞ்சொத்தாக்கிக்கொண்டனர். பக்கவாட்டில் நீண்டு விழும் மென்னொளியில் கண் பழகிய ஓவியர் சாம்பலின் நூறு சாயல்களை வேறுபடுத்துவார். வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் 1893இல் தீட்டிய செல்லோ வாசிப்பவர் ஓவியத்தில் மரத்தின் பழுப்பும் உடையின் கருமையும் சுவரின் சாம்பலும் ஒரே குடும்பத்தவர்போல் அமைந்திருப்பது அந்த ஒளியின் பயிற்சி. தலைக்குமேல் கதிரவன் நிற்கும் நாட்டில் நிழல் காலடியில் சுருங்கிவிடும். அங்கு நிறம் நிறமாகவே நிற்கும். ஆனால் இந்த வேறுபாடு பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் இரு நாட்டு ஓவியரும் விளக்கையே நம்பினர் என்பதால், விளக்கின் வரலாற்றைத்தான் முதலில் நோக்க வேண்டியுள்ளது.

அரங்கும் நிழலும்

அரங்க ஒளி பற்றிய தமிழ்ச் சான்று மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் கொண்ட அரங்கை அளந்து கூறுகிறது. மேடைப் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடையே 4 கோல் விடுகிறது. இரு வாயில்களையும் மூவகை எழினிகளையும் அமைக்கிறது. இவற்றோடு, தூண்களின் நிழல் அரங்கின்மீது விழாதவாறு விளக்குகளை நிறுத்த வேண்டும் என்றும் விதிக்கிறது. மேலே ஓவியம் தீட்டிய விதானம். கீழே குயிலுவர் முறைப்படி அமர்கின்றனர். இளங்கோவடிகளின் காலத்து அரங்க அமைப்பாளர் நிழலை ஒரு தொழில்நுட்பச் சிக்கலாகவே கண்டிருந்தனர் என்பது இதனால் தெளிவு. நாட்டியத்தைப் பற்றிய ஆய்வுகள் இக்காதையைப் பலமுறை எடுத்தாண்டுள்ளன. விதானத்தின் ஓவியத்தை எரிநெய் விளக்கின் கீழிருந்து எழும் ஒளியில் அவையோர் கண்டனர் என்னும் எளிய உண்மைக்கு மட்டும் உரிய இடம் கிடைக்கவில்லை.

பொருநராற்றுப்படையில் யாழின் உறுப்புகள் ஒவ்வொன்றாக உவமிக்கப்படும் பகுதியும் இங்கு நினைக்கத்தக்கது. யாழ்ப்பத்தரின்மேல் இழுத்துப் போர்த்த தோலின் நிறத்துக்கு அப்புலவர் கூறும் உவமை விளக்கின் சுடர். அத்தோலைக் குறிக்க அவர் ஆளும் சொல் 'பச்சை'. அங்கு அது நிறத்தை அன்று, தோலையே குறிக்கும் என்பதை உரை வழியறிந்தோர் அறிவர். அறியாது இன்றைய பொருள்கொண்டு படிப்பவர் பசுமையான யாழ் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வர். பதப்படுத்திய தோல் பகலில் மங்கிய பழுப்பு. அது சுடர் நிறமாகத் தோன்றுவது சுடரின் அருகில்தான். கருவியை மாலைப்பொழுதில், விளக்கொளியில் கண்டு பழகிய கண்ணின் உவமை இது என்று கொள்ள இடமுண்டு.

ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று மதுரைக்காஞ்சி சுட்டும். பார்ப்பவரின் கண்ணிலே தம் தொழிலைக் கொண்டு நிறுத்துபவர் என்னும் பொருளில் நச்சினார்க்கினியர் அதை விரித்தார். ஓவியம் சுவரில் அன்று, கண்ணில் நிகழ்கிறது என்னும் இக்கருத்தை இன்றைய ஒளியியல் முழுமையாக ஏற்கும். ஒளி மாறினால் கண்ணில் நிகழும் ஓவியமும் மாறும்.

தஞ்சைப் பெரியகோயிலின் இருள்

1010ஆம் ஆண்டை ஒட்டி முற்றுப்பெற்ற தஞ்சைப் பெரியகோயிலின் கருவறையைச் சூழ்ந்த உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் உள்ளன. நாயக்கர் கால ஓவியப் பூச்சு அவற்றை மறைத்திருந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவ்விருட்பாதையில் நுழைந்து, உதிர்ந்த மேற்பூச்சின் அடியில் பழைய ஓவியம் இருப்பதை உலகுக்கு அறிவித்தார். சுந்தரர் வெள்ளையானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை செல்லும் காட்சியும், அங்கு இறைவன் முன் அரம்பையர் ஆட, கணங்களும் விண்ணோரும் முழவும் தாளமும் இசைக்கும் காட்சியும் அவற்றுள் புகழ்பெற்றவை.

இவை விண்ணுலக இசைஞர் எனினும் ஓவியர் கண்ட மாதிரி மண்ணுலகிலேயே இருந்தது. இராசராசனின் கல்வெட்டுகள் அக்கோயிலுக்குத் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும், திருப்பதியம் பாடும் பிடாரர் 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்திய செய்தியைத் தருகின்றன. விளக்குகளுக்கும் கணக்குண்டு. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். அவற்றிலிருந்து நாள்தோறும் ஓர் உழக்கு நெய். பாடுவோருக்கு நெல்லும் விளக்குக்கு நெய்யும் ஒரே நிருவாகத்தின் கணக்கில் எழுதப்பட்டன. இசைக்கு வெளிச்சம் தேவை என்பதை அறிய வேறு கோட்பாடு வேண்டியதில்லை.

நெய்விளக்கின் சுடர் ஒளிவண்ண வெப்ப அளவில் ஏறத்தாழ 1,900 கெல்வின். நண்பகல் ஒளி 5,500க்கு மேல். சுடரில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி. நீலம் மிகமிகக் குறைவு. எனவே சுடரொளியில் காவி உயிர்பெறும், மஞ்சட்காவி வெண்மையை நெருங்கும், நீலம் கருமையில் ஆழும், பச்சை சாம்பலை அண்டும். பெரியகோயில் உள்சுற்றின் நிறமிகளை ஆராய்ந்தோர் கண்டவற்றுள் சுண்ணாம்பு வெண்மை, விளக்குக்கரி, மஞ்சட்காவி, செங்காவி, பச்சைமண் ஆகியன முதன்மையானவை. மண்நிறமிகளே ஈரச் சுண்ணத்தின் காரத்தைத் தாங்கும் என்பது இத்தெரிவுக்கு வேதியியல் காரணம், அது மறுக்கவியலாதது. ஆனால் கிடைத்த நிறமிகளுள் எதை எங்கு வைப்பது என்பதை வேதியியல் தீர்மானிக்காது. ஆடுவோரின் மேனி மஞ்சட்காவியிலும் செம்பழுப்பிலும் ஒளிர்வதும், உருவங்கள் செம்பழுப்புக் கோட்டால் இறுகக் கட்டப்பட்டிருப்பதும், அசையும் சுடரின் முன் உடலும் அசைவதுபோல் தோன்றச் செய்கின்றன. மின்பளிச்சொளியில் எடுத்த வண்ணப்படங்களை அச்சில் மட்டுமே கண்டவர், இவ்வோவியங்கள் வண்ணச் சிக்கனம் உடையவை என்று எழுதுவதுண்டு. அச்சிக்கனம் ஓவியருடையதா, படம்பிடித்த விளக்குடையதா என்பதை அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஒளி மிகக் குறைந்தால் விதியே தலைகீழாகும். செக் உடலியலறிஞர் புர்கினியே 1825இல் வெளியிட்ட கண்டறிவு இது: அரையிருளில் கண்ணின் கூம்புகள் ஓய்ந்து கோல்கள் பணியை ஏற்கும்போது சிவப்பு முதலில் கருகும், நீலமும் பச்சையும் ஒப்புநோக்கில் வெளிறித் தெரியும். சுடருக்கு அண்மையில் செங்காவி சிரிக்கும். பத்தடி தள்ளி அதுவே கரியாகும். ஆகவே விளக்கு எங்கு நின்றது என்பது அறியாமல் நிறத்தின் நோக்கம் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சே.

செந்தளமும் பொற்றகடும்

திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் கதையைத் தீட்டியவர் சிங்காதனம் என்னும் ஓவியர். தம் பெயரை அவர் ஓவியத்திலேயே எழுதிவைத்தார். பெயர் தெரியாத ஓவியர் நிறைந்த மரபில் இது அரிய பேறு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய இவ்வோவியங்களில் தியாகராசரின் வீதியுலா, குழலும் முழவும் கொண்ட மேளக்காரர், ஆடற்பெண்டிர், வாணவேடிக்கை எல்லாம் உள்ளன. அவ்வூரின் ஐம்முக முழவத்தையும் பாரி நாயனத்தையும் நாள்தோறும் கேட்டு வளர்ந்தவர்களுக்காகத் தீட்டப்பட்டவை இவை. பின்புலம் பெரிதும் சிவப்பு. நாயக்கர், மராட்டியர் கால ஓவியங்களில் பின்புலம் சிவப்பாக இருப்பதைப் பாணி என்று கூறி நகர்வதே வழக்கம். தீவட்டிகளின் நடுவே நகரும் ஊர்வலத்தைக் கண்ட எவரும் அறிவது, இரவின் வானம் அப்பொழுது கருப்பாக இருப்பதில்லை என்பது. புகையும் தூசியும் சுடரை வாங்கிச் செம்மை பூசிக்கொள்ளும். அச்செம்மையின் முன் வெண்ணிற ஆடையும் மஞ்சள் அணியும் எடுப்பாக நிற்கும். மேளக்காரரின் கரிய மேனி கோட்டுருவாக ஒதுங்கும். சிங்காதனம் பாணியையே பின்பற்றினார் எனினும், அப்பாணி கண்ணறிந்த ஓர் இரவிலிருந்து பிறந்தது எனக் கருதுவதே பொருத்தம்.

தஞ்சாவூர்ப் பலகை ஓவியத்தின் பொற்றகடும் இவ்வகையில் மறுபார்வைக்கு உரியது. பலாப்பலகையில் சுண்ணமும் பசையும் கொண்டு புடைப்பெழுப்பி, அதன்மேல் பொற்றகடு ஒட்டி, கண்ணாடிக் கற்கள் பதிக்கும் இவ்வேலை பூசையறையின் ஒற்றைச் சுடருக்காக அமைந்தது. புடைப்பின் ஒவ்வொரு சரிவும் சுடரை வேறொரு கோணத்தில் திருப்பும். வேணுகோபாலனின் குழலைப் பிடித்த விரல்மோதிரம் சுடர் அசையும்போது மின்னும். அதனால் விரல் அசைந்ததுபோல் இருக்கும். அருங்காட்சியகக் கூரையிலிருந்து பரவலாக விழும் மின்னொளியில் அதே பொன் மஞ்சள் வண்ணப்பூச்சுப்போல் தட்டையாகிவிடுகிறது. செல்வப் பகட்டு என்று இதைப் பழிப்போர் பலர் இவ்வொளியில் மட்டுமே கண்டவர்கள்.

பொன் என்றதும் டென்மார்க்கை நினைக்க ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. தரங்கம்பாடியில் டேனியர் குடியேற இசைவளித்த தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர், 1620இல் டென்மார்க் மன்னருக்குத் தமிழில் எழுதிய மடல் பொன்னேட்டில் அமைந்தது. அது இன்றும் கோப்பனேகன் ஆவணக்காப்பகத்தில் உள்ளது. அதே இரகுநாதரின் பெயராலேயே இரகுநாத மேள வீணை வழங்கப்பட்டது. இசையறிந்த மன்னரின் பொன்னெழுத்து, வடநாட்டுக் குளிர்கால ஒளியில் எப்படித் தெரிந்திருக்கும் என்பது சிறிய கேள்விதான். ஆனால் வரலாற்றில் இரு ஒளிகளும் ஒரே பொருளின்மீது விழுந்த தொடக்கக் காட்சிகளுள் அது ஒன்று.

ஆங்கிலேயப் புரவலருக்காகத் தஞ்சை ஓவியர் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் தாளில் தீட்டிய தொழில்வகை, சாதிவகைப் படங்கள் இதற்கு நேர்மாறானவை. அவற்றிலும் நாகசுரக்காரர், தவில்காரர், நட்டுவனார் உண்டு. வெறுந்தாளின் முன் எவ்வொளி மூலமும் இன்றி அவர்கள் நிற்கின்றனர். வாசிக்கும் பொழுதிலிருந்தும் இடத்திலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டதால், இசைஞர் வகைமாதிரியாக மாறிவிட்டனர். இங்கு ஒளியின் இன்மையே அரசியல். இரவி வர்மா 1889இல் தீட்டிய 'இசைஞர் கூட்டம்' ஓவியத்தில் பதினொரு பெண்கள் கருவிகளோடு அமர்ந்திருப்பதும் பட்டறையின் பக்கவொளியில்தான். பட்டும் நகையும் தெரிகின்றன. கச்சேரியின் மாலை தெரியவில்லை.

ஐரோப்பாவிலும் இச்சிக்கல் எளிதில் தீரவில்லை. இரண்டாம் பிரெடரிக் மன்னர் குழல் வாசித்த அரண்மனைக் கச்சேரியை மென்செல் 1850க்கும் 1852க்கும் இடையே தீட்டினார். நிகழ்ச்சி நூறாண்டுக்கு முந்தியது. ஆனால் மெழுகுவர்த்தி ஒளியை அவர் தம் காலத்து மெழுகுவர்த்தியில் கற்றார். 1870 அளவில் தெகா தீட்டிய பாரிசு இசைநாடக அரங்கின் வாத்தியக்குழு ஓவியத்தில் கருவிகாரர் கருமையில் அமர்ந்திருக்க, மேலே ஆடுவோரின் ஆடை மேடையடி விளக்குகளால் இளஞ்சிவப்பும் நீலமுமாக மலர்கிறது. குறோயர் 1886இல் தம் பட்டறையில் நண்பர்கள் வாசித்ததைத் தீட்டியபோது, விளக்கொளியோடு புகையிலைப் புகையையும் ஒரு நிறமாகவே கையாண்டார். மூவருக்கும் பொதுவான ஒன்றுண்டு. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் முதலில் முடிவுசெய்தனர். நிறத்தை அதன்பின் தேர்ந்தனர்.

காசு விளக்கும் கரிய மேனியும்

ஆவுவர் வான் வெல்சுபாக் 1885இல் காப்புரிமை பெற்ற வலைத்திரி, தோரியம், சீரியம் ஆக்சைடுகளின் துணையால் பின்னர் முழுமை பெற்று, அழுத்த மண்ணெண்ணெய் விளக்கோடு சேர்ந்து கீழைநாடுகளின் இரவை மாற்றியது. தமிழகத்தில் காசு விளக்கு என்றும் ஈழத்தில் பெற்றோமாக்ஸ் என்றும் வழங்கிய இவ்விளக்கின் ஒளி, நெய்ச்சுடரைவிடப் பன்மடங்கு வலிது, வெண்மையானது, சற்றே பசுஞ்சாயல் கொண்டது. தலையில் சுமந்து நடப்போர் இருபுறமும் வர, நடுவே மேளம் நகர்ந்தது. ஒளி இப்பொழுது கீழிருந்தன்றி மேலிருந்து விழுந்தது. அதனால் கண்குழி நிழலானது. நெற்றியும் கன்னமும் மூக்குத்தண்டும் ஒளிர்ந்தன.

இம்மாற்றத்தில் இசைஞரின் உடல் வேறு ஓவியப்பொருளாயிற்று. ஆச்சாமரத்து நாகசுரத்தின் கருமையில் ஒரே ஒரு வெண்கோடு நீளமாக ஓடும். தவில்காரரின் வலக்கை விரல்களில் மாட்டிய கூடுகள் வெண்புள்ளிகளாகத் துள்ளும். காதில் கடுக்கன், கழுத்தில் சங்கிலி, மார்பில் பதக்கம்: திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் நிழற்படங்களில் காணும் இவ்வணிகலன்களை வெறும் ஆடம்பரமாகக் கொள்வது போதாது, இருளில் நகரும் கலைஞரைத் தொலைவிலிருந்து காட்டும் ஒளிக்குறிகளும் அவையே. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் விடியும்வரை நடந்த மேளக்கச்சேரிகளைக் கண்ட தலைமுறை, முகத்தை அறியுமுன் மின்னலை அறிந்தது.

கரிய மேனியைத் தீட்டுவதில்தான் ஓவியரின் நேர்மை சோதிக்கப்படுகிறது. வியர்வை படிந்த கரிய தோல் ஒளியைக் கண்ணாடிபோல் திருப்பும். காசு விளக்கின் கீழ் அதன் மேடுகள் வெண்பச்சையாகவும், பள்ளங்கள் செம்பழுப்பாகவும், ஓரங்கள் இரவின் நீலமாகவும் இருக்கும். கருப்பு வண்ணம் அங்கு ஏறத்தாழத் தேவையே இல்லை. இதைக் காணாத அல்லது காண விரும்பாத ஓவியர் இரு வழிகளுள் ஒன்றை நாடினர்: மேனியைக் கோதுமை நிறமாக்கினர், அல்லது பழுப்பை ஒரே சீராகப் பூசினர். அச்சுப் படங்களிலும் விழா மலர் அட்டைகளிலும் இசைவேளாளர் மரபின் மேதைகள் சிலர் வாழ்நாளில் இல்லாத வெண்மையோடு அமர்ந்திருப்பதற்கு அழகு பற்றிய சமூக மனப்பான்மை பெருங்காரணம். ஒளியைப் படிக்கும் பயிற்சி குறைந்தது அம்மனப்பான்மைக்குத் துணைபோயிற்று. ஒளியை மெய்யாகத் தீட்டினால் மேனியைப் பொய்யாகத் தீட்ட இயலாது.

சென்னையில் 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியதை அடுத்த காலத்தில் கச்சேரி மின்விளக்கின் கீழ் அமர்ந்தது. அக்காலத்து நேர்முக ஓவியர் என ஒருவரைச் சுட்டுவதாயின் ஆனந்த விகடனின் மாலியைச் சுட்ட வேண்டும். வித்துவான்களின் வாய்க்கோணலையும் கையசைவையும் அவர் கோட்டில் பிடித்தார். அச்சின் எல்லையால் நிறம் இல்லை. நெடுநல்வாடை கூறும் 'புனையா ஓவியம்' என்னும் சொல் இதற்கு நன்கு பொருந்தும். பின்னர் கோபுலு 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு வரைந்த நாகசுரக் காட்சிகளிலும் ஒளியின் வேலையைக் கோடே சுமந்தது. நிறம் இல்லாததால் ஒளி பற்றிய பிழைக்கும் இடமில்லாமல் போனது ஒருவகை நற்பேறு.

எஸ். ராஜம் (1919–2010) வேறு வழி சென்றார். அவரே பாடகர்; வானொலியில் பணியாற்றியவர்; சென்னைக் கலைக்கல்லூரியில் பயின்றவர். மும்மூர்த்திகள் உள்ளிட்ட வாக்கேயக்காரரை அவர் தீட்டிய படங்கள் இன்று கச்சேரி மேடைகளிலும் வீடுகளிலும் பரவியுள்ளன. அவற்றில் விளக்கு எங்கும் இல்லை, விழுநிழலும் இல்லை. அசந்தாவின் சுவரோவிய மரபும் நீர்வண்ணக் கழுவுமுறையும் அவருக்குத் தந்த மென்மையில், ஒளி உருவத்தினுள்ளிருந்தே கசிவதுபோல் இருக்கும். மறைந்த இசைஞரைத் தீட்டும்போது எந்த மாலையின் ஒளியையும் பொய்யாகப் புனைய வேண்டாம் என்னும் தெரிவாக இதைக் கொள்ளலாம்.

மேடையில் வீற்றிருப்பவரை நேரில் தீட்டுவோருக்கு அத்தெரிவு இல்லை. டங்சுடன் இழை விளக்கின் ஒளி மேடையில் ஏறத்தாழ 3,200 கெல்வின். அதில் வெளிர்மஞ்சளும் வெண்மையும் ஒன்றாகத் தெரியும்; கருநீலமும் கருப்பும் ஒன்றாகும். ஓவியரின் கையிலுள்ள தாளும் வண்ணத்தட்டும் அதே மஞ்சளொளியில் நனைந்திருப்பதால், மேடையில் கண்ட நிறத்துக்கு நேரான நிறத்தைக் கலந்ததாக அவர் கருதுவார். மறுநாட்காலை சன்னலருகே அது வேறொன்றாக இருக்கும். எனவே தேர்ந்தோர் வண்ணக்குழல்களை மாறாத வரிசையில் அடுக்கி, கண்ணால் அன்றி இடத்தால் எடுப்பர். ஐந்தாறு நிறங்களுக்கு மேல் கொண்டுபோவதில்லை. ஐயமுள்ள இடத்தில் 'அரக்கு', 'மயில்கழுத்து' என்று பென்சிலால் எழுதிக்கொண்டு பகலில் தீட்டுவர். எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரோடு ஒட்டிய காஞ்சிப்பட்டு நீலம் தக்க எடுத்துக்காட்டு. ஒரே நீலத்தைச் சிலர் கடலாகவும் சிலர் ஏறத்தாழக் கருமையாகவும் காட்டுவர். இருதரப்பாரும் பொய் சொல்லவில்லை, விளக்குகள் வேறு.

ரண்டர்ஸில்

1983க்குப் பின் டென்மார்க் வந்த ஈழத்தமிழர் பெரும்பாலும் யூலாந்தின் சிறிய, நடுத்தர நகரங்களில் குடியமர்ந்தனர். வீதியுலாவின் தீவட்டியும் காசு விளக்கும் அங்கு வரவில்லை. அரங்கேற்றங்களும் விழாக்களும் பள்ளிக்கூட மண்டபங்களிலும் விளையாட்டுக் கூடங்களிலும், கூரை முழுதும் நீண்ட ஒளிர்குழல்களின் கீழ் நடந்தன. ஒளிர்குழலின் ஒளி தொடர்ச்சியானதன்று. பாதரசத்தின் சில கூரிய கோடுகள் அதில் துருத்தி நிற்கும், செம்மை குன்றும். மிருதங்கத்தின் பலாமரமும் வாசிப்பவரின் கையும் ஒரே பசுஞ்சாம்பலாக அதில் தெரிந்தன. புலம்பெயர் விழாப் படங்களில் உள்ள முகங்கள் களைத்துத் தெரிவதை வாழ்க்கையின் களைப்பாக மட்டும் படிப்பது உணர்ச்சிவயப்பட்ட வாசிப்பு. குழலுக்கும் அதில் பங்குண்டு.

இழைவிளக்குகளை ஐரோப்பிய ஒன்றியம் 2009க்கும் 2012க்கும் இடையே படிப்படியாக விலக்கியது. ஒளிர்குழல்களின் முறை 2023இல் வந்தது. இடத்தைப் பிடித்தது ஒளியுமிழ் இருமுனையம், அதாவது எல்.ஈ.டி. ரண்டர்ஸில் இதற்கு ஒரு சுவையான பின்னணி உண்டு. நகருக்கு மின்னொளி வழங்கிய பழைய மின்நிலையக் கட்டடம் இன்று 'வேர்கெட்' என்னும் பெயரில் இசை, நாடக அரங்காக விளங்குகிறது. பெயரின் பொருளும் நிலையம் என்பதே. ஒளியை உண்டாக்கிய இடத்தில் இப்போது ஒளி இசைஞரின்மேல் விழுகிறது. இத்தகைய இன்றைய அரங்குகளின் ஒளி சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று குறுகிய பட்டைகளைக் கலந்து ஆக்கப்படுவதுண்டு. இடைப்பட்ட அம்பர் நிறப் பகுதி மெலிந்திருப்பதால், கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும் ஒளியிலும் மஞ்சட்காவி செத்துப்போகும். பழுப்பு மேனி சாம்பல் படிந்து அல்லது பொருந்தாத இளஞ்சிவப்போடு தெரியும். ஊதாவும் கத்தரிப்பூ நிறமும் பாய்ச்சிவிட்டாலோ, கரிய மேனிக்குரிய செம்மைத் திருப்பொளி எழவே வாய்ப்பில்லை. ஹாமர்ஷோயின் நாட்டு ஓவியருக்குக் கிடைத்த சாம்பல், அவர்தம் பொருளின் சாம்பல். தமிழ் இசைஞரின் மேனியில் இவ்விளக்கு பூசும் சாம்பல் விளக்கினுடையது.

அதனால் இத்தகைய மேடையில் தீட்டுபவர் ஒரு முடிவெடுக்க வேண்டியுள்ளது. கண்டதைக் கண்டவாறே தீட்டினால், நீல முகமும் ஊதா மிருதங்கமும் கொண்ட மெய்யான ஆவணம் கிடைக்கும். பாரிசு அரங்கில் தெகா செய்ததும் ஒருவகையில் இதுவே. ஒத்திகையின்போது சன்னலொளியில் மேனியின் நிறங்களைக் குறித்துக்கொண்டு, மேடையிலிருந்து அசைவையும் ஒளியின் திசையையும் மட்டும் எடுத்துக்கொண்டால், இசைஞரின் உடலுக்கு மெய்யான ஓவியம் கிடைக்கும். இரண்டாம் வழியே மேலானது என்பது இக்கட்டுரையின் துணிபு. மேடை ஒளி அரங்கப் பணியாளரின் விசைப்பலகையில் நொடிக்கொரு முறை மாறுவது; அதைக் கலைஞரின் நிறமாக ஏற்கத் தேவையில்லை. ரண்டர்ஸின் குளிர்காலத்தில் ஒத்திகைக்கான சன்னலொளியும் பிற்பகல் நான்கு மணிக்குள் முடிந்துவிடும் என்பது நடைமுறைத் தடை.

காட்சிப்படுத்துவோர்க்கும் ஆவணப்படுத்துவோர்க்கும் இதில் பணியுண்டு. ஒளியால் எளிதில் கெடும் நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவே உகந்தது என்பது அருங்காட்சியக நடைமுறை. ராஜத்தின் படங்களுக்கும் அது பொருந்தும். அளவைப் பற்றிப் பேசும் குறிப்புகள் ஒளியின் சாயலைப் பற்றிப் பேசுவதில்லை. பொற்றகட்டுப் பலகைக்குப் பக்கவாட்டிலிருந்து விழும் ஒற்றை வெதுவெதுப்பொளி தேவை. பெரியகோயில் உள்சுற்றில் நெய்விளக்கை மீண்டும் ஏற்ற இயலாது. புகையும் வெப்பமும் சுவரைக் கெடுக்கும். புறஊதாக் கதிர் அற்ற, 1,900 கெல்வின் சாயலுள்ள எல்.ஈ.டி. விளக்குகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. அத்தகைய ஒன்றைத் தாழ்வாகப் பிடித்து, சுந்தரர் காட்சியின் முழவுக்காரரை ஒருமுறை படம்பிடித்து, இதுவரை அச்சான படங்களோடு பக்கம்பக்கமாக வைத்துப் பார்ப்பது அதிகப் பொருட்செலவின்றி, தொல்லியல் துறையின் இசைவுடன் செய்யக்கூடிய வேலை. ஓவியப் பட்டியல்களில் அளவு, ஊடகம், ஆண்டு என்னும் பத்திகளுக்கு அடுத்து 'ஒளி' என்று ஒரு பத்தி சேர்த்தால், ஓவியர் எவ்வொளியில் கண்டார், எவ்வொளியில் தீட்டினார், பட்டியலிடுபவர் எவ்வொளியில் பார்த்தார் என்னும் மூன்றையும் அதில் எழுதலாம். முதலிரண்டு பலவேளைகளில் வெற்றிடமாகவே இருக்கும். மூன்றாவதை எழுதப் பட்டியலிடுபவர் தலைநிமிர்ந்து கூரையைப் பார்த்தால் போதும்.